கை எட்டாத முதுகு

தருமபுரியிலிருந்து ஏறக்குறைய 46 கிலோமீட்டர் தொலைவில், பென்னாகரத்தைத் தாண்டி மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் சாலை முடிகிற இடத்தில், சின்னாறு வந்து கலக்கக் காவிரி பாறைகளைப் பிளந்துகொண்டு விழுகிற ஒகேனக்கலில், எண்ணெய்ப் புட்டியைக் கையிலேந்தி நிற்கும் தொழிலாளர்களைக் காணாமல் திரும்பியவர் இருக்க முடியாது. எங்கிருந்தோ வந்த ஒரு மனிதர், தம் உத்தியோகத்தையும் அந்தஸ்தையும் சட்டையோடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு துண்டோடு பாறைமீது குப்புறப் படுக்கிறார். முன்பின் அறியாத ஒருவருடைய உள்ளங்கைகள் தோள்பட்டையிலிருந்து முதுகுத்தண்டின் வழியாக இறங்கி, அவர் பல மாதங்களாகத் தாமே தொட்டறியாத இடங்களையெல்லாம் தட்டியும் பிசைந்தும் தேய்த்தும் எழுப்புகின்றன. பிறகு அவர் அருவியின் கீழே போய் நின்று, தலைமீது விழும் நீரில் தம்மை மறக்கிறார். அதே ஆற்றங்கரைக்கு ஆடி அமாவாசையன்று வந்தால், எள்ளும் தண்ணீரும் இறைத்து, தேகத்தை நீத்துப் போன தந்தைக்கும் பாட்டனுக்கும் தர்ப்பணம் செய்கிற ஜனங்களைக் காணலாம். தேகத்தைச் சீராட்டுவதற்கும், தேகம் நில்லாதது என்பதை ஒப்புக்கொள்வதற்கும் நாம் ஒரே நதியிடம்தான் போகிறோம்.

நெடுநாளாக என் மனத்தை விட்டகலாத கேள்வி இங்கேதான் பிறந்தது. அழியப்போகும் சரீரத்தைத் தேய்த்து, மினுக்கி, பேணிக் காப்பது தர்மமா, அல்லது ஞானிகள் விடச் சொன்ன தேகாபிமானத்தின் மற்றொரு வடிவமா?

இந்தக் கேள்வி இன்று புதிய வேகத்தோடு எழுவதற்குக் காரணம் உண்டு. நகரத்து இளைஞர்களிடையே, குளிப்பதற்கு முன்னால் உலர்ந்த தூரிகை ஒன்றைக் கொண்டு, பாதத்தில் தொடங்கி மேல்நோக்கி உடம்பு முழுவதையும் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் பரவி வருகிறது. டிரை பிரஷ்ஷிங் என்று அதற்குப் பெயர். தன்னைத் தானே பேணிக்கொள்ளுதல் என்ற பெருந்தலைப்பின் கீழ் அதனை அடக்குகிறார்கள். அதனால் உடம்பிலுள்ள நச்சுப் பொருள்கள் எல்லாம் வெளியேறிவிடும் என்று சொல்லப்படுகிறதே, அதற்கு வைத்திய சாஸ்திரத்தில் ஆதாரம் கிடையாது. கழிவுகளை வெளியேற்றும் பணியைக் கல்லீரலும் சிறுநீரகமும் நம் உத்தரவுக்குக் காத்திராமல் இரவும் பகலும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் தோலின் மேற்பரப்பில் உயிரற்றுக் கிடக்கும் மெல்லிய படலம் உதிர்வதும், தேய்த்த இடத்தில் இரத்த ஓட்டம் சற்றே கூடி உடம்பு விழித்துக்கொள்வதும் எவரும் அநுபவத்தில் காணக்கூடிய மெய்கள். புண்ணோ, படையோ, புடைத்த நரம்போ உள்ள இடத்தில் தூரிகை படலாகாது. சர்க்கரை நோயினால் உணர்ச்சி மங்கிய பாதங்களை உடையவர்கள் இதில் இறங்காதிருப்பதே நலம். பழக்கத்தைப் பற்றி வைத்திய முறையில் சொல்ல வேண்டியது இவ்வளவே.

இது புதிதும் அல்ல. சுசுருத சம்ஹிதையின் சிகித்சா ஸ்தானத்திலே, எண்ணெயோடு செய்யும் அப்யங்கத்துக்கு அப்பால், எண்ணெய் இல்லாமல் உலர்ந்த பொடியால் தேய்க்கும் முறை தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. உத்கர்ஷணம் என்று அதற்குப் பெயரிட்டு, தினவுக்குச் செங்கற்பொடியால் தேய்ப்பதைக்கூட அந்நூல் கூறுகிறது. கிரேக்கரும் ரோமரும் வளைந்த உலோகக் கருவியினால் உடம்பில் பூசிய எண்ணெயை அழுக்கோடு வழித்தெடுத்தார்கள். ஜப்பானியர் உலர்ந்த துணியால் மேலைத் தேய்த்துக்கொள்வதைக் 'கன்பு மசாட்சு' என்று ஓர் ஆரோக்கிய விதியாகவே கொண்டு, குளிர்காலக் காலைகளில் பிள்ளைகளுக்கும் பழக்கினார்கள்.

இவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வேலிமேல் படர்ந்த பீர்க்கங்கொடியில் முற்றிக் காய்ந்து தொங்கும் கூட்டை, விதைகளை உதறிவிட்டு எடுத்து வைப்பதை அறியாத வீடு எது? சனிக்கிழமை காலையில் கிணற்றடியில் எங்களை வரிசையாக உட்கார வைத்து, அரப்புத் தூளைக் கரைப்பதற்கு முன்பாக, உலர்ந்த பீர்க்கங்கூட்டினால் கை கால்களை ஒரு முறை தேய்த்துவிட்டுத்தான் என் பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடுவாள். கை கால்களை நாங்களே தேய்த்துக்கொள்கிறோம் என்று அடம் பிடித்தால் விட்டுவிடுவாள். முதுகுக்கு மட்டும் விடமாட்டாள். "திரும்பு சாமி, முதுகு உனக்கு எட்டாது" என்பாள். அவள் சொன்ன அந்தச் சாதாரண வார்த்தை, நான் கற்ற சாஸ்திர வாக்கியங்கள் பலவற்றைக் காட்டிலும் ஆழமாக எனக்குள் இறங்கியிருப்பதைப் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன். இன்று விற்கப்படும் தூரிகைகளுக்கு நீளமான கைப்பிடி வைத்திருக்கிறார்கள். மற்றொருவருடைய உதவி இல்லாமலே முதுகை எட்டுவதற்காக அமைந்த கைப்பிடி அது.

உலர்ந்த தோலைத் தேய்க்கும்போது, காலை வெயில் சாளரத்தின் வழியே சாய்ந்து விழுமாயின், மெல்லிய துகள்கள் காற்றில் எழுந்து மிதப்பதைப் பார்க்கலாம். அவை யார்? நேற்று வரையில் அவை என் தோல். என் தோல் என்ற காரணத்தினாலேயே, அவற்றை ஒருவர் இகழ்ந்தால் நான் கோபித்திருப்பேன், நிறம் குறித்து ஒரு சொல் சொன்னால் வருந்தியிருப்பேன். மேல்தோல் ஏறக்குறைய ஒரு மாத காலத்துக்குள் தன்னை முற்றிலும் புதுப்பித்துக்கொள்கிறது என்று உடற்கூற்று நூல் சொல்லுகிறது. போன தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக்கொண்ட தோல் இன்று என்னிடத்தில் இல்லை. ஆயினும் 'நான்' என்ற எண்ணத்தில் ஒரு துகளேனும் குறையவில்லை. இது நானல்ல, இதுவும் நானல்ல என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகும் உபநிஷத விசாரத்தை, ஏட்டைத் தொடாமல், குளியலறை வாசலில் நின்றபடியே ஒருவர் தொடங்கிவிடலாம். அவ்வாறு தொடங்குகிறவருக்கு இந்தப் பழக்கம் சரீர சேவையாக மட்டும் நின்றுவிடாது.

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் சௌசத்தைப் பற்றிச் சொல்லும் இடம் இங்கே சிந்திக்கத்தக்கது. தூய்மையைக் கடைப்பிடிப்பதன் முதற்பலனாக அவர் சொல்வது அழகையோ ஆரோக்கியத்தையோ அல்ல. தன் அங்கங்களின் மீதே ஒருவிதக் கூச்சம் உண்டாகும் என்கிறார். நாள்தோறும் கழுவியும் நாள்தோறும் அழுக்கேறுகிற இந்தப் பாண்டத்தைக் கவனித்துப் பார்க்கிறவன், முடிவாக இதைச் சுத்தம் செய்துவிட முடியாது என்பதைத் தெளிகிறான். தெளிந்தபின் அவன் வாட்டமடைவதில்லை என்பதே அந்தப் போதனையின் நுட்பம். அடுத்த சூத்திரத்திலேயே மனத்தின் தெளிவும், மகிழ்ச்சியும், ஒருமையும், புலன்களை வெல்லும் திறமும், ஆத்ம தரிசனத்துக்குரிய தகுதியும் அவனுக்கு வாய்க்கும் என்று முனிவர் சொல்லுகிறார். உடம்பைத் தேய்க்கத் தேய்க்க உடம்பின்மேல் மோகம் வளருமானால் அது பதஞ்சலி சொன்ன சௌசம் அல்லவென்றும், தேய்க்கத் தேய்க்க மோகம் கழன்று மனம் மலருமானால் அது சௌசமே என்றும் கொள்வதற்கு நமக்கு இங்கே ஓர் உரைகல் கிடைக்கிறது.

இதற்கு நேர் எதிரான வழியில் நடந்தவர்களும் இதே மண்ணில் இருந்தார்கள். தகடூர் என்று பழம்பெயர் கொண்ட தருமபுரியில், நுளம்ப மன்னர்கள் ஆண்ட ஒன்பதாம் நூற்றாண்டிலே சமணப் பள்ளி இருந்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. திகம்பர முனிவர்களுக்கு விதிக்கப்பட்ட இருபத்தெட்டு மூலகுணங்களில் நீராடாமையும் ஒன்று. உடம்பை அலங்கரிப்பதும் கழுவுவதும் பற்றை வளர்க்கும், நீரில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் தீங்கு செய்யும் என்று அவர்கள் அதனை அறவே விட்டார்கள். ஆனால் அவர்களிடமும் ஒரு தூரிகை இருந்தது என்பதை நான் நினைத்து நினைத்து வியக்கிறேன். மயில் தானே உதிர்த்த பீலிகளைக் கட்டி அவர்கள் கையில் வைத்திருந்தார்கள். உட்காருமுன் தரையையும், வெயிலிலிருந்து நிழலுக்கு நகருமுன் தம் மேனியையும் அந்தப் பீலியினால் மெல்லத் துடைத்தார்கள். தம்மைச் சுத்தம் செய்துகொள்வதற்கு அல்ல; தம் உடம்பின்மேல் அறியாமல் வந்தமர்ந்த சிற்றுயிர் ஒன்று நசுங்கிவிடாதிருப்பதற்கு. உலர்ந்த தூரிகையை மேனியில் ஓட்டும் செயலுக்கு இதைக் காட்டிலும் உயர்ந்த கருத்து வேறெங்கும் சொல்லப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பீலியை நினைவில் வைத்துக்கொண்டு, ஆயுர்வேத நிலையங்கள் கர்ஷணம் என்ற பெயரில் விற்கும் கச்சாப் பட்டுக் கையுறையைப் பார்க்க வேண்டும். பட்டு எங்கள் மாவட்டத்துக்கு அந்நியமானதல்ல. மல்பெரித் தோட்டங்களிலிருந்து வெள்ளைக் கூடும் மஞ்சள் கூடும் தருமபுரி நகரத்துப் பட்டுக்கூடு ஏல அங்காடிக்கு வந்து குவிகின்றன; எத்தனையோ எளிய குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது. அந்த உழவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. ஆயினும், கூட்டை அறுத்துப் பூச்சி வெளியேறிவிட்டால் இழை தொடர்ச்சியாகக் கிடைக்காது என்பதால், உள்ளே உறங்கும் புழு வெந்து மடிந்த பிறகே அந்த நூல் நம் கைக்கு வருகிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பட்டுடுத்துவதை விட்டுவிடும்படி பெண்களைக் கேட்டுக்கொண்டது இந்தக் காரணத்தினால்தான். தன் தோலில் செத்த படலத்தை நீக்கிக்கொள்வதற்காக மற்றோர் உயிரின் கூட்டை வேகவைப்பது எனக்கு உகப்பாக இல்லை. வேலிப் பீர்க்கு அந்தப் பணியை ஒருவரையும் கொல்லாமல் செய்துவிடுகிறது.

சமண முனிவரின் துறவு வணங்கத்தக்கது. ஆனால் அது எல்லோருக்கும் உரிய வழி அல்ல. குமாரசம்பவத்தில் காளிதாசர் அமைத்த ஒரு காட்சியைப் பாருங்கள்: சிவனையே நாதனாக அடைய வேண்டிப் பார்வதி கடுந்தவம் புரிந்து மெலிந்திருக்கையில், பிரம்மசாரி வேடத்தில் வந்த அந்தச் சிவனே, தர்மத்தைச் செய்வதற்கு முதற் கருவி சரீரந்தான், அதன் சக்திக்கு ஏற்றபடிதான் தவம் செய்கிறாயா என்று அவளை விசாரிக்கிறார். தவத்தின் பலனாக வந்து நிற்கும் தெய்வம், தவம் செய்தவளின் உடம்பைப் பற்றிக் கேட்கிறது! நம் திருமூலரும், தாம் ஒரு காலத்தில் இந்த உடம்பை இழிவென்று எண்ணியிருந்ததையும், பரம்பொருள் அதற்குள்ளே கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதையும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மனம் திறந்து சொல்லியிருக்கிறார். அவர் மனம் மாறியது உடம்பின் அழகைக் கண்டல்ல, உள்ளே இருப்பவரைக் கண்டு.

கோயில்களில் அபிஷேகம் காணும்போதெல்லாம் இது எனக்கு நினைவு வரும். அரூருக்கு அப்பாலுள்ள தீர்த்தமலையில், பாறை உச்சியிலிருந்து இராம தீர்த்தம் துளித்துளியாக விழுந்துகொண்டிருக்க, படியேறி வந்த மூச்சு அடங்காமல் ஜனங்கள் அதன்கீழ் தலையைக் காட்டி நிற்பார்கள். உள்ளே ஈசுவரன் சந்நிதியிலும் சரி, தருமபுரிக் கோட்டை மல்லிகார்ஜுனேசுவரர் சந்நிதியிலும் சரி, எந்தச் சிவாலயத்திலும் சரி, அர்ச்சகர் முதலில் எண்ணெய்க் காப்பிட்டு, அந்த எண்ணெய் போக அரிசி மாவையும் நெல்லிப் பொடியையும் மஞ்சளையும் கொண்டு திருமேனியைத் தேய்த்து நீராட்டுவது முறை. அழுக்கு என்பதே அணுகாத மூர்த்திக்கு இந்தத் தேய்ப்பு எதற்கு? கல்லைச் சுத்தம் செய்வதற்கானால் தண்ணீர் போதும். அது அன்பினால் செய்யும் உபசாரம். தாய் குழந்தைக்குச் செய்வதை பக்தன் பகவானுக்குச் செய்கிறான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூர்த்தி தன்னைத் தானே தேய்த்துக்கொள்வதில்லை. தீண்டுகிற கையும் தீண்டப்படுகிற மேனியும் இருவேறாக இருக்கையில்தான் உபசாரம் உபசாரமாகிறது.

நெல்லி என்ற பெயரைச் சொன்னவுடன் தகடூர்க்காரன் எவனுக்கும் அதியமான் நெடுமான் அஞ்சியின் நினைவு வராமல் இராது. எளிதில் ஏற முடியாத மலைப் பிளவில் அரிதாய்ப் பழுத்த கனி. உண்டவருக்கு நீண்ட ஆயுளைத் தரும் சிறப்புடையது. அதைப் பெற்றவன் பகைவர் பலர் சூழ வாழ்ந்த ஓர் அரசன். தன் தேகத்தைக் காத்துக்கொள்ள வேறெவனைக் காட்டிலும் காரணமுடையவன். அவன் அந்தக் கனியின் பெருமையை வாய்விட்டுச் சொல்லாமல் உள்ளத்திலேயே அடக்கிக்கொண்டு ஔவையாருக்குக் கொடுத்துவிட்டான். சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருக்க மாட்டார். நஞ்சை உண்டும் சாவாத நீலகண்டனைப் போல் நீ நிலைபெறுக என்று அவர் வாழ்த்தியது புறநானூற்றில் இருக்கிறது. ஆயினும் அதியமான் நிலைபெறவில்லை. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான், அஞ்சி போர்க்களத்தில் மாண்டான், ஔவையார் அவனுக்காக அழுது பாடினார். அவன் தன் உடம்பை வெறுத்தவன் அல்லன். வெறுத்த பொருளைப் புலவருக்கு ஈவது கொடையாகாது. ஆயுள் அருமையானது என்று அறிந்தவனாதலால்தான் அதைக் கொடுத்தான். தேகத்தைப் பேணுவது பற்றா தர்மமா என்று நான் கேட்ட கேள்விக்கு, எந்தச் சாஸ்திரமும் சொன்னதைவிடத் தெளிவான விடை இந்தச் செய்கையிலே எனக்குக் கிடைத்தது: பேணியதைக் கொடுக்க மனம் இருக்கிறவனுக்குப் பேணுதல் தர்மம், கொடுக்க மனம் இல்லாதவனுக்கு அதுவே பந்தம்.

அதியமானின் நாட்டில் இன்று உடம்பு என்னவாக இருக்கிறது என்று சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நியாயமாகாது. இங்குள்ள பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் புளோரைடு கரைந்து வருகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது, வேறு வழியில்லாவிடில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அதற்கு மிஞ்சிய நீரை ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து வருஷக்கணக்காகக் குடித்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை ஏறியது; பலருக்கு எலும்பு இறுகி, மூட்டு விறைத்து, முதுகுத்தண்டு வளையாமற்போயிற்று. எந்த நாரினால் தேய்த்தாலும் போகாத கறை அது. ஜப்பானியக் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013ஆம் ஆண்டு முதல் காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்களுக்குக் கொண்டுவருகிறது. வருகிற தலைமுறைக்கு அது பெரும் பாதுகாப்பு. ஏற்கெனவே இறுகிப்போன எலும்பை அது நெகிழ்த்தாது. தன்னைத் தானே பேணிக்கொள் என்று ஒருவருக்கு உபதேசம் செய்கிறோமே, தாம் குடித்த தண்ணீரையே தாம் தேர்ந்துகொள்ள முடியாதிருந்த இந்த ஜனங்களுக்கு அந்த உபதேசத்தினால் என்ன பிரயோஜனம்? உடம்பு ஒருவருடைய தனிச்சொத்து என்ற எண்ணமே அங்கே பொய்த்துப் போகிறது. நிலமும் நீரும் அரசும் அண்டை வீட்டாரும் சேர்ந்து காத்தால்தான் ஓர் உடம்பு நிமிர்ந்து நிற்கிறது.

விறைத்த தோளை உடைய முதியவர் ஒருவர் குளிக்கும்போது பாருங்கள். கையை உயர்த்தித் தலையில் தண்ணீர் ஊற்றுவதே அவருக்குப் பாடு; குனிந்து பாதத்தைத் தேய்க்க இயலாது; முதுகை அவர் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருக்கும். கேட்பதற்குக் கூசி, எட்டிய மட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு எழுந்து வந்துவிடுவார். குளித்தாயிற்றா என்று கேட்டால் ஆயிற்று என்பார்.

காலையில் தூரிகை கொண்டு மேனியைத் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் உடைய அன்பர்களை நான் தடுக்கவில்லை. மெல்லத் தேய்த்துக்கொள்ளுங்கள், உதிர்வது எது, உதிராதது எது என்று அப்போது நினைத்தும் பாருங்கள். ஒகேனக்கலுக்குப் போனால், உங்கள் முதுகைத் தேய்த்த கைகளுக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்து, அவரை வணங்கிவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டில் கை முதுகுக்கு எட்டாத பெரியவர் ஒருவர் இருப்பாராயின், அவர் வாய்விட்டுக் கேட்கும் வரையில் காத்திராமல், வருகிற சனிக்கிழமை காலையில் முதலில் அவருக்குப் பின்னால் போய் உட்காருங்கள்.